தமிழ்ப்பள்ளிப் பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்க வேட்டைக்காரரும் நாடாளுமன்ற உறுப்பினருமான டேவி கிராக்கெட் பற்றிய பாடம் குறித்து நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டுக்கும் 'பரிசீலிக்கிறோம்' என்று பதில் வந்தது. நன்றி.

சென்ற வாரம் மகளின் விடைத்தாள் கைக்கு வந்தது. 'கிராக்கெட் ஏன் போற்றப்படுகிறார்?' என்ற கேள்விக்கு, 'பூர்வகுடிகளைத் துரத்தும் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தார்' என்று எழுதியிருக்கிறாள். சிவப்பு மையில் தப்புக்குறி, பக்கத்தில் 'பாடத்தில் இல்லை'. எதிர்பார்த்த விடை: கரடி வேட்டை, ரக்கூன் தோல் தொப்பி, டெக்சாஸின் அலமோ கோட்டைச் சண்டை.

பாடத்தில் இல்லைதான். என் குறையே அதுதானே?

1830 மே 26 அன்று அந்த மசோதா 102க்கு 97 என்று பிரதிநிதிகள் சபையில் தேறியது. கொண்டுவந்தது ஜனாதிபதி ஜாக்சனின் தரப்பு. அவர் டென்னசிக்காரர், கிரீக் பூர்வகுடிகளுடனான போரில் கிராக்கெட்டுக்குப் படைத்தலைவர். டென்னசி உறுப்பினர்களில் எதிர்த்து வாக்களித்தவர் கிராக்கெட் ஒருவர்தான். அடுத்த ஆண்டே தேர்தலில் தோற்றார்.

அப்புறம், ஏழைக் குடியேறிகளுக்கு நில உரிமை தர அவர் போராடிய நில மசோதா. மேற்கு டென்னசியில் காட்டை வெட்டி, குடிசை போட்டு, பயிர் வைத்த ஏழைகளிடம் பட்டா கிடையாது. காசுள்ளவர் பத்திரத்தோடு வந்து நின்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். பன்னிரண்டு வயதில், குடும்பக் கடனுக்காக மாடு ஓட்டிப்போகக் கூலிக்கு அனுப்பப்பட்டவருக்கு அந்த வலி தெரியாதா? மூன்று முறை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குப் போயும் அவரால் அந்த மசோதாவை நிறைவேற்ற முடியவில்லை. 1835இல் மறுபடி தோற்றுத்தான் டெக்சாஸ் போனார். 1836 மார்ச் 6இல் அலமோவில் இறந்தார். அவர் மகன் ஜான் வெஸ்லி அதே சபைக்குப் போய், 1841இல்தான் ஒரு நிலச் சட்டம் வந்தது.

இதில் ஒரு வரிகூட உங்கள் பாடத்தில் இல்லை. தொப்பிக்கு மட்டும் முழுப்பக்க வண்ணப்படம்! 1950களில் தொலைக்காட்சித் தொடர் வந்தபோது நாடே அந்தத் தொப்பியை வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டது. வியாபாரிகள் செய்ததைப் பாடநூலும் செய்ய வேண்டுமா? வீரர் என்றாலே துப்பாக்கியும் தோலாடையும்தான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்துவிட்டு, பெரியவர்களான பின் அவர்கள் வாக்களிக்கப் போவதில்லை என்று புலம்புகிறோம்.

மன்னியுங்கள், எங்கேயோ போய்விட்டேன். அவரை மகானாக்கச் சொல்லவில்லை. அடிமைகளும் வைத்திருந்தார், அதையும் எழுதுங்கள். நான் கேட்பது அரைப்பக்கம். அடுத்த பதிப்பில் அந்த வாக்கும் அந்த நில மசோதாவும் இடம்பெற வேண்டும். தயவுசெய்து.

மகளுக்கு அந்த இரண்டு மதிப்பெண்ணையும் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்