வார்டிலிருந்து கிளினிக்குக்கு ஒரு போன் செய்யலாமே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் மலேசிய அரசாங்க மருத்துவமனைகளில் கட்டில் பற்றாக்குறை என்று அடிக்கடி செய்தி வருகிறது. அதனால் நோயாளிகளைச் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இதை நான் குறை சொல்ல வரவில்லை. வயதானவர்கள் நாள்கணக்கில் வார்டில் படுத்தே கிடந்தால் கை கால் வலுவிழந்துவிடும், புதிதாக ஏதாவது தொற்றும் ஒட்டிக்கொள்ளும். நான் கேட்பது ஒன்றுதான். வார்டு வாசலைத் தாண்டிய பிறகு அந்த நோயாளிக்கு யார் பொறுப்பு?

என் மாமியாருக்கு 78 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, இடுப்பு மூட்டின் பாதியை மாற்றினார்கள். அறுவை சிகிச்சையில் ஒரு குறையும் இல்லை. நாளுக்கு 3 வெள்ளி (ரிங்கிட்) கட்டணம் உள்ள மூன்றாம் வகுப்பு வார்டில் இப்படிப்பட்ட வைத்தியம் கிடைப்பது பெரிய விஷயம், அதை மறக்க மாட்டேன். ஆனால் காலையில் டாக்டர் வந்து "இன்றைக்குப் போகலாம்" என்றார், மத்தியானமே கட்டிலைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பிறை நகரில் தொழிற்சாலை ஷிஃப்டில் இருந்த நான் சூப்பர்வைசரிடம் கெஞ்சிவிட்டு ஓடினேன்.

கையில் ஒரு பை மருந்து, ஒரு தாள், தையல் பிரிக்க அரசாங்க கிளினிக்குக்கு ஒரு கடிதம். கூடவே ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் வயிற்றில் போட வேண்டிய ஊசிகள். தாதி ஒருமுறை போட்டுக் காட்டினார். நல்ல பெண், பொறுமையாகத்தான் சொன்னார். ஆனால் பக்கத்துக் கட்டிலில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. "ஏம்மா, நீயா எனக்கு ஊசி போடப் போற?" என்று அத்தை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

சரி, ஊசி பழகிவிட்டது. கழிப்பறைதான் எங்களைப் படுத்தி எடுத்தது. பட்டர்வொர்த்தில் பழைய அடுக்குமாடி வீடு எங்களுடையது, குந்தி உட்காரும் கழிப்பறை. மூட்டு மாற்றியவர் குந்தக்கூடாது, தாழ்வான நாற்காலியில்கூட உட்காரக்கூடாது என்று தாளில் தெளிவாகப் போட்டிருக்கிறது. வீட்டில் எந்த மாதிரி கழிப்பறை, எத்தனையாவது மாடி, லிஃப்ட் ஓடுகிறதா, பகலில் கூட யார் இருப்பார்கள் என்று வார்டில் யாருமே கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொமோட் நாற்காலியை முன்பே தேடியிருப்போம். கோயில் நிர்வாகத்தில் ஒருவர் இரவல் தரும்வரை அத்தை தண்ணீர் குடிக்கவே பயந்தார். அந்த வயதில் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று டாக்டர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மருந்திலும் இதே கதை. ரத்த அழுத்தத்துக்கு கிளினிக்கில் கொடுத்த பழைய மாத்திரை வீட்டில் இருக்கிறது. மருத்துவமனை கொடுத்த புது அட்டை வேறு நிறம், வேறு பெயர். உள்ளே இருப்பது ஒரே மருந்து என்று கிளினிக் மருந்தாளர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த ஒரு பாட்டி தனியாக இருந்திருந்தால் இரண்டையும் சேர்த்தே விழுங்கியிருப்பார்.

இத்தனைக்கும் நம் நாட்டில் வீடு தேடி வந்து பார்க்கும் திட்டம் ஒன்று 2014 முதல் இருக்கிறது. சுகாதார கிளினிக்குகள் நடத்தும் இந்தச் சேவையை, அதன் மலாய்ப் பெயரின் சுருக்கமாக, பிபிடி (PPD) என்பார்கள். படுத்த படுக்கையாகிவிட்டவர்களின் வீட்டுக்கு வந்து புண்ணுக்குக் கட்டுப் போடுவார்கள், மூக்குக் குழாய், சிறுநீர்க் குழாய் மாற்றுவார்கள், உடற்பயிற்சி சொல்லித் தருவார்கள், பார்த்துக்கொள்கிறவரையும் பழக்கிவிடுவார்கள். எங்களுக்கு இதைச் சொன்னது மருத்துவமனை இல்லை, கீழ்மாடியில் இருக்கும் ஓர் அக்கா. அவர் கணவருக்குப் பக்கவாதம் வந்தபோது கிளினிக்கிலிருந்து வந்திருக்கிறார்கள். எல்லா நோயாளிக்கும் இது கிடைக்காது, கிளினிக்தான் பார்த்து முடிவு செய்யும். அது நியாயம். ஆனால் இப்படி ஒன்று இருப்பதே தெரியாதவர் எங்கே போய்க் கேட்பார்?

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. வீட்டுக்கு அனுப்பப்போவதை முதல் நாளே குடும்பத்திடம் சொல்லட்டும். கடிதத்தை எங்கள் கையில் கொடுத்துவிடுவதோடு நிறுத்தாமல், வார்டிலிருந்தே நோயாளியின் கிளினிக்குக்குப் போன் செய்து "இன்னார் வருகிறார், இன்னின்ன தேவை" என்று ஒப்படைக்கட்டும். எந்தப் பழைய மருந்தை நிறுத்த வேண்டும், எதைத் தொடர வேண்டும் என்று ஒரே தாளில் எழுதித் தரட்டும். இரண்டு நாளுக்குள் கிளினிக் தாதி ஒருவர் வீட்டுக்கு அழைத்து விசாரிக்கட்டும், முடிந்தால் தமிழிலேயே. ராத்திரி காலில் வீக்கம் வந்தால் யாரை அழைப்பது என்று ஒரு நம்பரும் வேண்டும்.

தாதிகளுக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை என்பார்கள். உண்மைதான், கண்ணால் பார்த்தேன். ஆனால் வீட்டில் சரியாகக் கவனிக்காமல் படுக்கைப் புண்ணோடு திரும்பி வருகிறவருக்கும் அதே தாதிகள்தானே பாடுபட வேண்டும்? 2030-க்குள் நம் மக்களில் 60 வயதைத் தாண்டியவர்கள் 15 விழுக்காட்டைத் தொடுவார்கள் என்று அரசாங்கமே சொல்கிறது. அவர்களில் பலருக்குப் பிள்ளைகள் சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ இருப்பார்கள்.

பினாங்கில் ஏதாவது ஒரு மருத்துவமனையில், எலும்பு முறிவு வார்டில் மட்டும், ஆறு மாதத்துக்கு இதைச் செய்து பார்க்கும்படி சுகாதார இலாகாவைக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக்குப் போனவர்களில் எத்தனை பேர் ஒரு மாதத்துக்குள் அவசரப் பிரிவுக்குத் திரும்பி வந்தார்கள் என்று முன்பும் பின்பும் கணக்கெடுத்து, அதை இந்த நாளிதழிலும் வெளியிடட்டும்.

இப்படிக்கு,
ஒரு மருமகள்,
பட்டர்வொர்த், பினாங்கு