ஓலை படிக்க ஆள் இருக்கிறோம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த திரைவிமர்சனத்தைப் படித்தேன். மலைக்கோயிலில் கிடைத்த ஓலைச்சுவடியை வைத்துக்கொண்டு கதாநாயகன் சோழர் காலப் புதையலைத் தேடிப் போகும் படம். படத்தின் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. பேரனோடு போய்ப் பார்த்தேன், அவனுக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஓலை படிக்கத் தெரிந்தவர்கள் இன்று யாருமே இல்லை, அதனால் இந்தக் காட்சிகளில் தர்க்கம் பார்க்கத் தேவையில்லை என்று உங்கள் விமர்சகர் எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரியை அன்று ராத்திரி மூன்று முறை எடுத்துப் படித்தேன்.

நான் ஓலை படிப்பவள். இருபது வருடத்துக்கு மேலாகப் படிக்கிறேன். மாலை வகுப்பில் சேர்ந்து கற்றுக்கொண்டேன். ஒரு ஏட்டைத் தடுமாறாமல் படிக்கவே மூன்று மாதம் ஆயிற்று. பிறகு ஓர் இடத்தில் தினக்கூலிக்குச் சுவடி அட்டவணை எழுதினேன். என்னோடு படித்தவர்களில் நான்கு பேர் இன்றும் இதைச் செய்கிறார்கள். நாங்கள் இல்லை என்று அச்சில் வந்துவிட்டது.

படத்தில் அந்தப் பையன் கட்டைப் பிரித்ததும் கடகடவென்று வாசிக்கிறான். சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. எகர ஏகார வேறுபாடும் இல்லை. 'எரி'யும் 'ஏரி'யும் ஒரே மாதிரிதான் இருக்கும். துணைக்காலும் ரகரமும் ஒன்று போலிருக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை, செய்யுளைக்கூட அடி பிரிக்காமல் ஓட்டமாக எழுதியிருப்பார்கள். அவன் தேட வேண்டியது நெருப்பையா நீரையா என்பதற்கே முன்னும் பின்னும் பத்து ஏடு படித்தாக வேண்டும். என்னைக் கேட்டால் அதுதான் நல்ல கதை. அதை எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று ஆதங்கமாக இருக்கிறது.

அப்புறம் அந்த ராஜகுரு. மயிலிறகை மையில் தொட்டு ஓலையில் எழுதுகிறார். ஓலையில் எழுத்தாணியால் கீறுவார்கள். கீறிய பிறகு விளக்குக் கரியையும் கோவையிலைச் சாற்றையும் பூசித் துடைத்தால் எழுத்து கறுப்பாகத் தெரியும். அந்த ஓலை ஆயிரம் வருடம் கெடாமல் இருந்ததாகவும் காட்டுகிறார்கள். நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் பூச்சிக்கும் ஓர் ஏடு சில நூறு வருடம் தாங்கினாலே பெரிது. சங்கப் பாட்டு நமக்குக் கிடைத்தது, தலைமுறை தலைமுறையாக யாரோ உட்கார்ந்து படியெடுத்ததால்தான்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். விளக்கைக் காட்டியதும் மறைந்திருந்த எழுத்து தெரியும் காட்சியைத்தான் பொறுக்க முடியவில்லை. சில வருடங்களுக்கு முன் வந்த இன்னொரு படத்திலும் இதே மாதிரி ஒரு காட்சி. அது வந்த சமயத்தில் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் துணியில் முடிந்து ஒரு கட்டு கொண்டு வந்தார். ஓரமெல்லாம் கருகியிருந்தது. "படத்துல அப்படித்தானே காட்டினாங்க அம்மா" என்றார். உட்கார்ந்து படித்தேன். மாட்டுவாகடம், அதாவது மாட்டு வைத்திய நூல். அவருடைய முப்பாட்டனார் ஊர் மாடுகளுக்கெல்லாம் வைத்தியம் பார்த்தவராம். அடைப்பான் என்ற மாட்டு நோய்க்கு மருந்து சொல்லத் தொடங்கும் இடம் இருக்கிறது, மருந்து இருந்த ஆறு ஏடு பொசுங்கிப்போய்விட்டது. புதையல் இல்லையா என்று இரண்டு தடவை கேட்டார். இல்லை என்றதும் கட்டை என்னிடமே விட்டுவிட்டுப் போய்விட்டார். இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது.

நான் இருப்பது கும்பகோணத்தில். 1880இல் இதே ஊரில்தான் சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று உ.வே.சா.வைக் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதிலாக, ஓலைகளை ஒப்பிட்டு அவர் பதிப்பித்த புத்தகம் வெளிவந்தது 1887இல். ஏழு வருடம்! குறிஞ்சிப்பாட்டில் பூப்பெயர்கள் வரும் இடத்தில் சில அடிகள் விட்டுப்போயிருக்க, அவற்றுக்காக அலைந்து கடைசியில் தருமபுர ஆதீனத்துச் சுவடியில் கண்டார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குச் சுவடி தேடிப் போனபோது, அவற்றை நெய்யில் தோய்த்து ஓமத்தில் போட்டுவிட்டோம் என்று சொன்னார்கள். இதைவிட மனம் பதறும் காட்சி எந்தச் சாகசப் படத்தில் இருக்கிறது? எகிப்து எழுத்தின் கதையும் அப்படித்தான். அந்த எழுத்து பொறித்த ரொசெட்டா கல் 1799இல் கிடைத்தது. பக்கத்திலேயே கிரேக்க மொழியில் அதே செய்தி இருந்தும், பிரெஞ்சு அறிஞர் சாம்போலியோன் அதைப் படிக்கும் வழியை அறிவிக்க 1822 ஆயிற்று.

பழைய வருத்தம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் முன்பு உங்கள் பொங்கல் மலரில் சுவடிப் படத்தைத் தலைகீழாக அச்சிட்டிருந்தீர்கள். அன்றே அஞ்சலட்டை போட்டேன், பதில் இல்லை. வேலை நெருக்கடி என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த வருட மலரிலும் அதே படம், அதே தலைகீழாக. முப்பது வருடமாக இந்தப் பத்திரிகையை வாங்குகிறேன். யாராவது ஒருவர் அதைத் திருப்பிப் பார்த்திருக்கலாம்.

நான் கேட்பது சின்ன விஷயம். அடுத்த இதழின் சினிமாப் பக்கத்திலேயே ஒரு கட்டத்தில் போடுங்கள். வீட்டில் சுவடி இருந்தால் சூடு காட்டாதீர்கள், தண்ணீர் விட்டுத் துடைக்காதீர்கள், கயிற்றை உருவி வரிசையைக் கலைக்காதீர்கள். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்திலோ சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலோ கொண்டுபோய்க் காட்டுங்கள். இவ்வளவு போதும்.

விமர்சகர் இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். காலையில் வந்தால் நல்லது, சாயங்கால வெளிச்சத்தில் எனக்கு இப்போது எழுத்து சரியாகத் தெரிவதில்லை. அந்த மாட்டுவாகடத்தில் கருகாத ஏடுகளைப் படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
கும்பகோணம்.