மெக்ரிகருக்கு மூச்சு வாங்கியது ஏன்?

ஆசிரியருக்கு வணக்கம்.

குத்து, உதை, மல்யுத்தப் பிடி எல்லாம் கலந்த எம்.எம்.ஏ. சண்டையைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கிரிக்கெட்டை விட்டுவிட்டு வேறொரு விளையாட்டுக்கு நாலு பக்கம் ஒதுக்கியதற்கே முதலில் நன்றி. ஆனால் அயர்லாந்து வீரர் கோனர் மெக்ரிகரைப் பற்றிய ஒரு வரி மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஆள் நன்றாக அடிப்பார், ஸ்டாமினாதான் கிடையாது, அமெரிக்க வீரர் நேட் டயஸிடம் தோற்றதே அதற்குச் சாட்சி என்று கட்டுரையாளர் போகிற போக்கில் தீர்ப்பு எழுதிவிட்டார். அந்தச் சண்டையை நாலைந்து முறையாவது பார்த்திருப்பேன். மெக்ரிகருக்கு மூச்சு வாங்கியது உண்மைதான். ஏன் வாங்கியது என்று கேட்காமல் விட்டதுதான் குறை.

2015 டிசம்பரில் மெக்ரிகர் அப்போதைய சாம்பியன் ஜோஸே ஆல்டோவை 13 விநாடியில் சாய்த்தார். அது ஃபெதர்வெயிட் எடைப்பிரிவு, 145 பவுண்டு, அதாவது 66 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அப்போது தராசில் ஏறி நின்ற அவருடைய படத்தைத் தேடிப் பாருங்கள். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், காய்ச்சலில் பத்து நாள் கிடந்தவர் மாதிரி இருப்பார். மூன்று மாதம்கூட ஆகவில்லை, 2016 மார்ச் 5 அன்று டயஸுடன் மோதியது 170 பவுண்டில், அதாவது 77 கிலோ பிரிவில். இடையில் இருக்கும் 155 பவுண்டு லைட்வெயிட்டில், பட்டத்தை வைத்திருந்த ரஃபேல் டோஸ் அன்ஜோஸுடன் அவர் மோதுவதாகத்தான் முதலில் பேச்சு. டோஸ் அன்ஜோஸின் கால் முறிந்தது. பதினோரு நாள் அவகாசத்தில் டயஸ் வந்தார். அதற்குள் 155-க்கு எடையை இறக்க நேரமில்லை, சரி, 170-லேயே வைத்துக்கொள்வோம் என்று மெக்ரிகரும் ஒப்புக்கொண்டார்.

எடை குறைப்பது உடம்பை என்ன செய்யும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். இருபது வயதில் மாவட்ட அளவில் குத்துச்சண்டை போட்டவன் நான். என் இயல்பான எடை 60 கிலோவை ஒட்டி இருக்கும். அந்தப் பிரிவில் எங்கள் கிளப்பில் ஏற்கெனவே ஒருத்தன் இருந்ததால் 57-இல் என் பெயரைக் கொடுத்துவிட்டார் மாஸ்டர். கடைசி இரண்டு நாள் நாக்கை நனைக்க மட்டும் தண்ணீர். சட்டைக்கு மேல் சட்டை, அதற்கு மேல் ரெயின் கோட், மத்தியான வெயிலில் ஓட்டம். ஓடி முடித்ததும் உட்கார்ந்து ஒரு டம்ளரில் எச்சில் துப்பிக்கொண்டே இருப்பேன், அதுவும் எடைதானே! காலையில் தராசு சரியாக 57 காட்டியது. உடனே இரண்டு இளநீர், குளுக்கோஸ், நாலு இட்லி. மத்தியானம் சண்டை. முதல் ரவுண்ட் எப்படியோ போனது. இரண்டாவதில் கை ஏறவில்லை. மவுத் கார்டு நாக்கோடு ஒட்டிக்கொண்டது. எதிராளியின் குத்து வருவது தெரிகிறது, நகரத்தான் முடியவில்லை. வெளியே வந்ததும் 'உனக்கு தம் இல்லடா' என்றார்கள். அந்த மாதம் முழுக்க தினமும் எட்டு கிலோமீட்டர் ஓடியவன் நான். போனது தம் இல்லை, தண்ணீர். உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தின் அளவு குறையும், அதே வேலைக்கு இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டும், வியர்வை வற்றி உடம்புச் சூடு இறங்காது. மெக்ரிகர் ஆடும் யு.எஃப்.சி. என்ற எம்.எம்.ஏ. அமைப்பில் எடை பார்ப்பது முந்தைய நாளே என்பதால் அவர்களுக்கு ஒரு நாள் கூடுதலாகக் கிடைக்கிறது. அதிலும் இழந்தது முழுதாகத் திரும்பிவிடும் என்று நம்ப முடியாது.

இப்போது டயஸ் சண்டைக்கு வருவோம். அங்கே மெக்ரிகர் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குறைக்கவில்லை. 168 பவுண்டில், வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்து தராசில் நின்றார். கணக்குப்படி பார்த்தால் மூச்சே வாங்கக் கூடாது. ஆனால் இரண்டாவது ரவுண்டிலேயே வாயைத் திறந்து மூச்சு விட ஆரம்பித்துவிட்டார். ஏன்?

என் கணிப்பு இது. ஃபெதர்வெயிட்டில் அவருடைய இடது கை ஒருமுறை சரியாகப் பட்டால் எதிராளி விழுந்துவிடுவார். அந்தப் பழக்கத்திலேயே முதல் ரவுண்டில் டயஸ் மீதும் முழுப் பலத்தோடு வீசிக்கொண்டே இருந்தார். டயஸ் ஆறடி உயரம், கை வீச்சு 76 அங்குலம், மெக்ரிகரைவிட இரண்டு அங்குலம் அதிகம். முகத்தில் ரத்தம் வழிய நின்றாரே தவிர விழவில்லை. நிறைய குத்துகள் காற்றில் போயின. குத்துச்சண்டை போட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள், பட்ட குத்தைவிடப் படாத குத்துதான் ஆளை அதிகம் களைக்க வைக்கும். போதாததற்கு டயஸ் ட்ரையத்லான் ஓடுகிற ஆள், மணிக்கணக்கில் நீந்தி, சைக்கிள் மிதித்துப் பழகியவர். ஒன்று இரண்டு என்று டயஸின் நேர்க்குத்து விழுந்ததும் மெக்ரிகர் தடுமாறி, தானே அவர் காலைப் பிடிக்கப் போனார். டயஸ் அவரைத் தரையில் சாய்த்துப் பின்னாலிருந்து கழுத்தை இறுக்கினார். இரண்டாவது ரவுண்டின் 4 நிமிடம் 12 விநாடியில், தோல்வியை ஒப்புக்கொண்டு மெக்ரிகர் கையால் தட்டிவிட்டார். சக்தியைச் சரியாகச் செலவழிக்கவில்லை என்று அன்று இரவே மெக்ரிகர் ஒப்புக்கொண்டார். நுரையீரலைக் குறை சொல்லவில்லை, செலவுக் கணக்கைத்தான் சொன்னார்.

கட்டுரையாளர் ஒரு வரிகூட எழுதாத, டயஸுடனான மறுசண்டைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆகஸ்ட் 20, அதே 170 பவுண்டு. 155-க்கு இறங்கி வந்து சண்டை போடலாமே என்று எல்லோரும் சொன்னபோது, தோற்ற எடையிலேயேதான் வேண்டும் என்று அடம்பிடித்தவர் மெக்ரிகர். இந்த முறை சைக்கிள் பயிற்சி, இதயத் துடிப்பை அளந்து அளந்து உழைப்பு. களத்திலும் ஆள் மாறியிருந்தார். டயஸின் முன்காலில் உதைத்துக்கொண்டே இருந்தார், சுற்றி வீசுவதைக் குறைத்தார். மூன்றாவது ரவுண்டில் களைத்தது உண்மை. கூண்டுக்குள் இரண்டொரு முறை முதுகைக் காட்டி நடந்துகூடப் போனார், மூச்சைப் பிடிக்க. ரசிகர்கள் கேலி செய்தார்கள். எனக்கோ அந்த நடைதான் அந்த இரவின் சிறந்த காட்சி. மார்ச்சில் அப்படி நடக்கத் தெரிந்திருந்தால் தப்பியிருப்பார். ஐந்து ரவுண்ட், 25 நிமிடம், நூலிழையில் வெற்றி. அதே மனிதர், அதே எடை, இடையில் ஐந்தரை மாதம்தான். ஸ்டாமினா கிடையாது என்பது சரியென்றால் இது எப்படி நடந்தது?

145-க்கு மெக்ரிகர் திரும்பவே இல்லை. நவம்பரில் 155-இல் எடி ஆல்வரெஸை வீழ்த்தி அந்தப் பட்டத்தையும் வாங்கினார். இன்னொரு யு.எஃப்.சி. வீரர் டஸ்டின் பொய்ரியே கதையும் இப்படித்தான். 2014-இல் ஃபெதர்வெயிட்டில் மெக்ரிகரிடம் இரண்டு நிமிடத்துக்குள் விழுந்தவர், மறு ஆண்டே 155-க்கு ஏறிவிட்டார். 2021 ஜனவரியில் அபுதாபியில் அதே மெக்ரிகரை இரண்டாவது ரவுண்டில் சாய்த்தார். எடையை மேலே ஏற்றிக்கொள்வதைப் பயந்து ஓடுவதாக நினைப்பவர்கள் இதைப் பார்க்கட்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. 2015 டிசம்பரில், ஆல்டோ விழுந்த அதே வாரத்தை ஒட்டி, மணிலாவில் ஒன் சாம்பியன்ஷிப் என்ற இன்னொரு எம்.எம்.ஏ. அமைப்பின் போட்டிக்காக எடை குறைத்துக்கொண்டிருந்த சீன வீரர் யாங் ஜியான் பிங் இறந்துபோனார். வயது 21. அதன் பிறகுதான் அந்த அமைப்பு தண்ணீரை வற்றவைத்து எடை குறைப்பதைத் தடைசெய்து, சிறுநீர்ச் சோதனையைக் கொண்டுவந்தது. நம் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 கிராமுக்காக இறுதிப் போட்டியை இழந்ததை எல்லோரும் பேசினோம். 53 கிலோவில் ஆடிக்கொண்டிருந்தவர் ஏன் 50-க்கு இறங்கினார் என்று பேசியவர்கள் குறைவு. 53-இல் இந்தியாவின் இடம் இன்னொரு வீராங்கனை அந்திம் பங்கலுக்குப் போய்விட்டிருந்தது. என் மாஸ்டர் ஞாபகம்தான் வந்தது எனக்கு.

ஒரு வேண்டுகோள். இனி சண்டைச் செய்தி போடும்போது யார் ஜெயித்தார், எத்தனையாவது ரவுண்ட் என்பதோடு, எந்த எடையில் சண்டை, அதற்கு முந்தைய சண்டை எந்த எடையில் என்பதையும் ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். இடம் போதாவிட்டால் 'தம் இல்லை' என்ற வரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் போடலாம்.

இப்படிக்கு,
ஒரு பழைய 57 கிலோக்காரன்,
புளியந்தோப்பு, சென்னை