ஊசியின் முனையை மாற்றுங்கள், ஐயா

எங்கள் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையின் கண்காணிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் தங்கை விஷயமாக நான் கொடுத்த மனு உங்கள் மேசையில் இருக்கிறது. அதனால் எல்லாவற்றையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. சிசேரியன் நல்லபடியாக முடிந்தது, உங்கள் மருத்துவர்களுக்கு நன்றி. நான் பேச வந்தது, அதற்காக உடம்பை மரத்துப்போக வைக்க முதுகில் போட்ட ஊசியைப் பற்றி.

மறுநாள் எழுந்து உட்கார்ந்ததும் தலைவலி ஆரம்பித்தது. படுத்தால் விட்டுவிடும், நிமிர்ந்தால் பிடரியிலிருந்து நெற்றிவரை பிளக்கும். பிள்ளையோ மேல்மாடியில், பச்சிளங்குழந்தைகள் பிரிவில். அங்கே போய் உட்கார்ந்துதான் பால் கொடுக்க வேண்டும். ஒரு கையால் தையலையும் மறு கையால் சுவரையும் பிடித்துக்கொண்டு போவாள். பாதியில் குமட்டிக்கொண்டு வரும். பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு வெறும் தரையில் சாய்ந்துவிடுவாள். "எல்லாருக்கும்தான் ஆபரேஷன் நடக்குது, நீ மட்டும் ஏம்மா இப்படிப் பண்றே?" என்று கேட்டார்கள் வார்டில். பார்க்க வந்த உறவுக்காரர்கள், தலையில் நீர் கோத்திருக்கிறது என்று காதில் பஞ்சு வைத்தார்கள். உண்மையில் ஊசி போட்ட துளை வழியாகத் தண்டுவட நீர் கசிந்து குறைந்ததால் வந்த வலி அது. உறவுக்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். வார்டுக்குமா தெரியாது?

கடைசியில் வந்த மயக்க மருத்துவர் கேட்டவுடனே காரணம் அதுதான் என்று சொல்லிவிட்டார். அவள் கையிலிருந்தே ரத்தம் எடுத்து முதுகில் அந்த இடத்தில் செலுத்தினார், வலி அடங்கியது. "மெல்லிய ஊசி ஸ்டோரில் இல்லம்மா, இருக்கறதைத்தான் போட்டோம்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

முதுகில் ஊசியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முழு மயக்கத்தைவிடப் பெரும்பாலான தாய்மாருக்கு அதுதான் பாதுகாப்பு. தண்டுவடத்தைச் சுற்றியுள்ள சவ்வை அறுத்துக்கொண்டு நுழையும் கூர்முனை ஊசிக்குப் பதிலாக, இழைகளை விலக்கிக்கொண்டு போகும் பென்சில் முனை ஊசியை, 25 அல்லது 27 கேஜில் (எண் கூடக் கூட ஊசி மெல்லியது), வாங்கி வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். 2018இல் லான்செட் மருத்துவ இதழில், பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து வந்த தொகுப்பாய்வில், முதுகில் ஊசி போடப்பட்டவர்களில் பழைய வகை ஊசியால் 100க்கு 11 பேருக்கு இந்தத் தலைவலி. அறுக்காத ஊசியால் 4 பேருக்குத்தான். இளம் பெண்களுக்கு இது இன்னும் எளிதில் வரும், அதிலும் பிள்ளை பெற்றவர்களுக்கு. இதெல்லாம் புதுச் செய்தியும் இல்லை. முதுகு ஊசியை 1898இல் தொடங்கிவைத்த ஜெர்மன் மருத்துவர் ஆகஸ்ட் பியர், தன் உடம்பிலேயே சோதித்துவிட்டு இதே தலைவலியோடு நாள்கணக்கில் படுத்துக் கிடந்தார். அவரை யாரும் 'நீ மட்டும் ஏன் இப்படி' என்று அதட்டியிருக்க மாட்டார்கள்.

உங்கள் வராந்தாவில் தாய்ப்பால் வாரத்துக்குக் கட்டிய பேனர் இன்னும் தொங்குகிறது. சிரித்த முகமாக ஒரு தாய், நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். பேனருக்குக் காசு இருக்கிறது. சக்கர நாற்காலி தள்ளுபவருக்கும் நாங்கள் காசு கொடுக்கிறோம், ரசீது மட்டும் கிடையாது. ஊசிக்கு மட்டும் எப்படி இல்லாமல் போகிறது?

சரி, அதை இன்னொரு மனுவில் எழுதிக்கொள்கிறேன். இப்போதைக்கு என் கோரிக்கை அந்த ஊசிதான். சிசேரியன் தியேட்டரில் பென்சில் முனை ஊசி எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். எழுந்தால் தலை வலிக்கிறது என்று எந்தத் தாய் சொன்னாலும், அதட்டாமல் அன்றைக்கே மயக்க மருத்துவரை அழைக்க வேண்டும். ஸ்டோரில் இன்று என்ன வகை ஊசி, எத்தனை இருக்கிறது என்பதையும் என் மனுவுக்கான பதிலில் தயவுசெய்து தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிரசவ வார்டில் தங்கைக்குத் துணையிருந்த ஓர் அக்கா