பரணில் இருந்து இறங்கிய 110 கேசட்

மதுரை,
வைகாசி.

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லோரும் நலம். அழகர் மலை திரும்பி இத்தனை நாளாகியும் வெயில் இறங்கவில்லை. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு மழையாவது பெய்ததா?

பரணில் இருந்து இறக்கிய தகரப் பெட்டியில் 110 கேசட் இருக்கிறது, எல்லாப் பாட்டும் போனிலேயே கிடைக்கும்போது இதைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். போடாதே. முதலில் அதை இரண்டாகப் பிரி. அச்சடித்த அட்டையோடு வந்த கம்பெனி கேசட்டுகள் ஒரு பக்கம். பதிவுக் கடையில் சீட்டு எழுதிக் கொடுத்துப் பாட்டு ஏற்றி வாங்கியவை இன்னொரு பக்கம். அவசரமாகக் காப்பாற்ற வேண்டியது இந்த இரண்டாவது கும்பலைத்தான்.

காரணம் இருக்கிறது. நல்ல பதிவுக் கடைக்காரர் எல்பி ரெக்கார்டை ஓட்டித்தான் நேராக டேப்பில் ஏற்றுவார். பாட்டு வெளிவந்த நாளில் இருந்த சத்தம், நடுவில் ஒரே ஒரு நகலோடு உன் கைக்கு வந்திருக்கிறது. இன்றைக்குப் போனில் கேட்கிற பழைய பாட்டு பலவற்றில் யாரோ எதிரொலி சேர்த்திருப்பார்கள், அடிச்சத்தத்தை ஏற்றியிருப்பார்கள், மோனோவில், அதாவது ஒரே தடத்தில், பதிந்ததைச் செயற்கையாக இரண்டு பக்கமும் விரித்திருப்பார்கள். சிலது சுருதி அரைக்கட்டை ஏறியே ஓடும். அரைக்கட்டை ஏறினால் வேகம் 6 விழுக்காடு கூடுகிறது என்று அர்த்தம். 4 நிமிடப் பாட்டு 13, 14 விநாடி முன்னதாகவே முடிந்துவிடும், பாடியவரின் குரலும் வயசு குறைந்து கேட்கும். எண்பதுகளின் இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு மெட்டே பாடிக்கொண்டு போகும். அதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு, அதன் மேல் புதுசாகக் கொட்டிய அடிச்சத்தம் சோற்றில் விழுந்த மண் மாதிரி.

இன்னொன்று, அந்தச் சீட்டு. 60 நிமிட கேசட்டில் சுமார் 13 பாட்டுதான் கொள்ளும். இருக்கிற ஆசையில் எந்தப் பதின்மூன்று, எது முதலில், எது பக்கத்தின் கடைசியில் என்று முடிவு பண்ணுவதுதான் ஒரு ரசிகனின் கையெழுத்து. 1922-ல் இதே மதுரையில் பிறந்த டி.எம்.எஸ்ஸுக்கு ஏ பக்கம் முழுக்கக் கொடுத்துவிட்டு, பண்ணைப்புரத்துக்காரர் இளையராஜாவுக்கு பி பக்கம் கொடுத்த கேசட்டுகளை எத்தனை வீட்டில் பார்க்கலாம்! பண்ணைப்புரமும் அன்றைக்கு நம் மதுரை மாவட்டம்தானே. இரண்டு பேரும் நம்ம ஊர்க்காரர் என்ற பெருமை அந்தச் சீட்டிலேயே இருக்கிறது. அதனால் எதையும் ஓட்டும் முன்பு அட்டையை இரண்டு பக்கமும் படம் எடுத்து வை.

இனி வேலைக்கு வருகிறேன். யுஎஸ்பி வயர் போட்ட சின்ன வாக்மேன் மாதிரி ஒன்று மலிவாக விற்கிறார்கள், அதை வாங்காதே. மோட்டார் சீராக ஓடாது, நீட்டிப் பாடும் இடத்தில் குரல் நெளியும். பழைய இரட்டை டெக்கோ, நல்ல மியூசிக் சிஸ்டத்தின் டெக்கோ கிடைத்தால் அதுதான் சரி. பின்னால் லைன் அவுட், அதாவது சத்தத்தை வெளியே எடுக்கும் துளை, இருக்க வேண்டும். பத்து வருஷம் சும்மா கிடந்த டெக்கில் பெல்ட் தளர்ந்திருக்கும், இல்லையென்றால் உருகித் தார் மாதிரி ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டி ஸ்பிரிட்டால் துடைத்து எடு. பெல்ட் ஓடும் பாதையில் நூலைச் சுற்றி அளந்து, அதைவிட 5 முதல் 10 விழுக்காடு சின்ன பெல்ட்டாகப் பார்த்து வாங்கு. டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் வரும்போது பழைய பெல்ட்டையும் கையோடு கொண்டு வா.

ரிப்பனில் இருந்து சத்தத்தைப் படிக்கும் ஹெட்டையும், ரிப்பனை இழுத்து ஓட்டும் கேப்ஸ்டன் கம்பியையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால் துடை, பழுப்பு நிறம் வராத வரைக்கும். சர்ஜிகல் ஸ்பிரிட் வேண்டாம், அதில் எண்ணெய் கலந்திருக்கும். கேப்ஸ்டனை ஒட்டிச் சுற்றும் ரப்பர் உருளைக்கு ஆல்கஹாலே ஆகாது, காய்ந்து வெடிக்கும். சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடைத்துக் காயவிடு. அந்த உருளை கண்ணாடி மாதிரி பளபளத்தால் மாற்றியே ஆக வேண்டும். ரிப்பன் உள்ளே போய்ச் சுற்றிக்கொள்வது பெரும்பாலும் அதனால்தான்.

கேசட்டை எடுத்ததும் ஓட்டாதே. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, ரிப்பன் சுருளின் விளிம்பைப் பார். வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. அதைத் தனியே வை, டெக்கில் போட்டால் மற்ற கேசட்டுகளுக்கும் தொற்றும். சுத்தமாக இருந்தால் ஒரு முறை முன்னால் ஓட்டி, பின்னால் ஓட்டு. வருஷக்கணக்கில் இறுகிக் கிடந்த சுருள் தளரும். பாட்டு ஆரம்பிக்க இரண்டு, மூன்று விநாடி முன்பே அதே பாட்டு மெலிசாகக் கேட்கிறதே, அந்த ஆவிச் சத்தமும் கொஞ்சம் குறையும். சுற்றில் சுற்று ஒட்டிக்கிடந்து காந்தம் அடுத்த சுற்றில் பதிவதால் வருவது அது.

அடுத்து, கேசட்டின் வாய்ப்பக்கம் நடுவில் ஒரு செம்புத் தகட்டில் ஒட்டின சின்னப் பஞ்சுக் கட்டை இருக்கும். ரிப்பனை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பழைய பசை விட்டுப்போய் பல கேசட்டில் அது விழுந்திருக்கும். விழுந்தால் கீச்சுச் சத்தமெல்லாம் மங்கும், ஒரு பக்க ஸ்பீக்கர் வந்து வந்து போகும். பழுது டெக்கில் என்று நினைத்து டெக்கைப் பிரித்துவிடாதே. ஐந்து ஸ்க்ரூ போட்ட கேசட் ஒன்றை ஒதுக்கி வை. ரிப்பன் சுருள் இரண்டையும் அந்தக் கூட்டுக்குள் மாற்றினால் போதும். ஒட்டிய கூடாக இருந்தால் ஓரத்தில் பிளேடு வைத்து மெதுவாகப் பிள. அறுந்த இடத்தில் செலோடேப் போட்டு ஒட்டியிருந்தால் எடுத்துவிடு, அதன் பசை கசிந்து ஹெட்டில் அப்பும். ஸ்ப்ளைசிங் டேப் கேட்டு வாங்கி, இரண்டு முனையையும் சாய்வாக வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் சேர்த்து, முதுகுப் பக்கம் ஒட்டு. 90 நிமிட ரிப்பன் 60-ஐவிட மெல்லிசு, கை வைக்கும்போது இழுத்துவிடாதே.

இப்போது சொல்வதை மட்டும் இரண்டு தடவை படி. ஹெட்டின் சாய்வு. கேசட் ஓடும் வேகம் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர். ஜால்ரா, சிம்பல், 'ஸ' உச்சரிப்பு எல்லாம் இருக்கும் 10,000 ஹெர்ட்ஸில் ஒரு அலை ரிப்பனில் பிடிக்கும் இடம் மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்குகூட இல்லை. பதிந்த ஹெட் கொஞ்சம் சாய்ந்திருந்து, உன் ஹெட் நேராக நின்றாலும் அந்த அலை அழிந்துபோகும். ஒவ்வொரு கடை டெக்கும் ஒவ்வொரு சாய்வு. 'இந்தக் கேசட் மங்கிப்போச்சு' என்று தூக்கிப்போடுவதில் பலது மங்கவே இல்லை, சாய்வு பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

டெக்கின் மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டினால் ஹெட்டின் இரு பக்கமும் இரண்டு ஸ்க்ரூ தெரியும். அடியில் ஸ்பிரிங் வைத்தது, பெரும்பாலும் இடப்பக்கம் இருப்பது, அதைத்தான் தொட வேண்டும். மேலே பெயிண்ட் வைத்து அடைத்திருந்தால் சுரண்டிவிடு. சிம்பலோ தபேலாவோ நிறைய வரும் பாட்டாகப் போட்டு, சத்தத்தை மோனோவுக்கு மாற்று. ஸ்டீரியோவில் கேட்டால் இந்தப் பிழை ஒளிந்துகொள்ளும். மோனோவில் இரண்டு தடமும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு காட்டிக்கொடுத்துவிடும். காந்தம் ஏறாத சின்ன திருப்புளியால் அரைக்கால் சுற்று திருப்பு. மங்கினால் எதிர்ப்பக்கம் திருப்பு. ஒரு இடத்தில் திரை விலகின மாதிரி சத்தம் திறக்கும். அதையும் தாண்டிக் கொஞ்சம் போ, மறுபடி மங்கும். இரண்டு மங்கலுக்கும் நடுவில் நிறுத்து. ஜானகியம்மா மூச்சு எடுப்பது காதருகே கேட்டால் சரியான இடத்தில் நிற்கிறாய். இதை ஒவ்வொரு கேசட்டுக்கும் செய்ய வேண்டும், பி பக்கத்துக்குத் திருப்பினாலும் செய்ய வேண்டும். சலிப்பாகத்தான் இருக்கும். செய்யாமல் பதிந்தால் பின்னால் எந்தச் சாப்ட்வேரும் அதை மீட்டுத் தராது.

கம்ப்யூட்டருக்குப் போகும் வயரை ஹெட்ஃபோன் துளையில் இருந்து எடுக்காதே, லைன் அவுட்டில் இருந்து சத்தத்தை டிஜிட்டலாக மாற்றித் தரும் சின்ன ஆடியோ இன்டர்பேஸ் வழியாகக் கொடு. லேப்டாப்பின் மைக் துளை மோனோ, சத்தமும் கிழியும். 'உம்ம்' என்று இரைச்சல் வந்தால் அது 50 ஹெர்ட்ஸ் கரண்ட், சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பார். பதிவதற்கு அடாசிட்டி என்ற சாப்ட்வேர் இலவசம், அதுவே போதும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வை. உச்சச் சத்தம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவில் நிற்கட்டும், பூஜ்யத்தைத் தொடக் கூடாது. பாட்டுப் பாட்டாக நிறுத்தி நிறுத்திப் பதியாமல் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே ஃபைலாகப் பதி. ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபிக்குக் கொஞ்சம் மேல் வரும், 110-க்கும் சேர்த்து 120 ஜிபி போல. ஃபிளாக் (FLAC) ஃபைலாகச் சுருக்கினால் தரம் குறையாமலே இடம் நன்றாக மிச்சமாகும். எம்பி3 என்பது பேரப்பிள்ளைகளுக்கு அனுப்ப மட்டும்.

இரைச்சலை நீக்கும் வித்தை எதையும் மூலப் பதிவில் செய்யாதே. அந்த 'ஸ்ஸ்' சத்தத்தோடு சேர்த்துத் தம்புராவின் ரீங்காரத்தையும் வயலின் வில்லின் உராய்வையும் அது தின்றுவிடும். டெக்கில் இரைச்சலைக் குறைக்க இருக்கும் டால்பி பொத்தானையும் அணைத்தே வை.

பெட்டி அடியில் நாலைந்து 78 ரெக்கார்டும் இருப்பதாக எழுதியிருந்தாய். அதை எல்பி முள்ளில் வைக்காதே, 78-இன் பள்ளம் அகலம், தனி முள் வேண்டும். அது அரக்கில் செய்தது, ஸ்பிரிட் தொட்டால் கரைந்துவிடும். மைக்செட்காரர் கையில் இருந்து வந்தவையாக இருந்தால் கனத்த முள் உழுது பள்ளமே தேய்ந்திருக்கும், உச்சஸ்தாயியில் குரல் கிழிந்தால் அது உன் முள்ளின் குற்றம் இல்லை. அவற்றை இப்போதைக்குப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைத்தால் போதும்.

முதலில் மூன்று கேசட்டில் கை பழகு, உனக்குப் பிடித்தவற்றை அல்ல, போனாலும் பரவாயில்லை என்பவற்றை எடு. ஆடியில் இங்கே வரும்போது பூஞ்சை பிடித்தவற்றைத் தனி பாலித்தீன் பையில் கட்டிக் கொண்டு வா, உட்கார்ந்து பார்ப்போம். அட்டைகளை மட்டும் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதே, இந்த வெயிலில் உருகி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

அன்புடன்,
உன் பங்காளி