எழும்பூர் கிர்க் கையேடு: கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

சென்னை எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் (ஸ்காட்லாந்து வழக்கில் கிர்க் என்றால் தேவாலயம்) பற்றிய நான்கு பக்கத் தமிழ்க் கையேடு அச்சாகிவிட்டது. அதில் யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லிவிடுவதுதான் முறை.

முதல் வரைவைச் சிவப்பு மையால் நிரப்பிய கட்டடக்கலை ஆசிரியை அம்மாவுக்கு முதல் நன்றி. லண்டன் செயின்ட் மார்ட்டின் ஆலயத்தின் அச்சு அசல் என்று எழுதியிருந்தோம். முகமண்டபமும் அதன் பின்னே கூரையிலிருந்து கிளம்பும் ஊசிக்கோபுரமும் அந்தச் சாயல்தான். உள்ளே போனால் வேறு. அங்கே நீள்சதுரக் கூடம். இங்கே சுமார் 80 அடி விட்டமுள்ள வட்டம். கட்டடக்கலைஞர் ஜேம்ஸ் கிப்ஸ் லண்டன் ஆலயத்துக்கும் முதலில் வட்டமாகத்தான் வரைந்து கொடுத்தார். செலவு கட்டுப்படியாகாது என்று அதை ஒதுக்கிவிட்டு, 1722 முதல் 1726 வரை நீள்சதுரமாகவே கட்டினார்கள். கைவிட்ட வட்டத்தையும் 1728இல் தன் வரைபட நூலில் கிப்ஸ் சேர்த்துவிட்டார். 1818இல் தொடங்கி 1821இல் பொறியாளர் டி ஹாவிலண்ட் முடித்த கிர்க்கைப் பார்க்கும்போது, கிப்ஸ் நூலின் அந்தப் பக்கம் அவர் கண்ணில் பட்டிருக்கும் என்றே தோன்றுகிறது.

கையேட்டில் அடித்தளம் பற்றிய பக்கம், கிணற்றுக்கு உறை (வட்ட வளையம்) இறக்கும் பெரியவருடையது. நீர் கோத்த மண் என்பதால் சுமார் 150 உறைகிணறுகளை 14 முதல் 50 அடி ஆழத்துக்கு இறக்கி, அவற்றின்மேல் கட்டடத்தை நிறுத்தியிருக்கிறார்கள். உறையை அடுக்கி உள்ளிருக்கும் மண்ணை வழித்தெடுத்தால், அது தன் பாரத்திலேயே இறங்கும். ஒரு பக்கம் கூடுதலாகத் தோண்டினால் சாயும். நிமிர்த்த, தூக்கி நிற்கும் பக்கத்து மண்ணை எடுத்து அந்த விளிம்பில் பாரம் ஏற்ற வேண்டும். ஐயா, அடியை அறுத்த பெயின்ட் வாளியை ஈரமணலில் நீங்கள் இறக்கிக் காட்டியதுதான் இரண்டாம் பக்கப் படம்.

பொன் நட்சத்திரங்கள் பதிந்த நீலக் குவிமாடத்தைத் தரையில் மல்லாந்து படுத்துப் படமெடுத்த தம்பிக்கும் நன்றி. தலைப்பில் இலை வேலைப்பாடுள்ள 16 கொரிந்தியத் தூண்கள் தாங்கும் அந்த 51½ அடி விட்டமுள்ள மாடத்தில் கரையானுக்குப் பயந்து மரமே வைக்கவில்லை.

தூண்களைச் சலவைக்கல் என்று நினைத்துத் தடவிப் பார்க்கிறார்கள். மேலே இருப்பது மெட்ராஸ் சுண்ணாம்பு. அதன் பக்குவத்தைச் சொன்னவர் மேஸ்திரி. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் ஒன்றரைப் பங்கு: இது முதல் பூச்சு. கடைசிப் பூச்சுக்கு நாலு பங்கு சுண்ணாம்பு, ஒரு பங்கு மெல்லிய வெண்மணல். வெண்ணெயாய் அரைத்து முட்டை வெள்ளைக்கரு, தயிர், நெய் சேர்ப்பது பழைய கணக்கு. வழுவழுப்பான கல்லால் தேய்த்த பிறகு நாள்கணக்கில் வியர்க்கும். துணியால் ஒற்றிக்கொண்டே இருக்காவிட்டால் மெருகு மங்கும். இதன்மேல் சிமென்ட் பூசுவதுதான் பெரிய கேடு: ஈரம் வெளியேற வழியின்றி உப்புப் பூத்து, பழைய பூச்சையும் பிய்த்துக்கொண்டு விழும். இதை மட்டும் கட்டம் போட்டு அச்சிட்டிருக்கிறோம்.

ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்துவிட்டு, டேப்பின் மறுமுனையையும் பிடித்துக்கொண்ட காவலாளி அண்ணனுக்கு: உங்கள் டார்ச் எங்களிடம்தான் இருக்கிறது. உங்களுக்கான பத்துப் பிரதிகளோடு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறோம்.

நன்றியுடன்,
கையேட்டுக் குழுவினர்