உன் ரெக்கார்டு நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது

அன்புள்ள மலைக்காரனுக்கு,

பதினோராம் வகுப்பில் நீ வந்து சேர்ந்த அன்றே நாங்கள் வைத்த பெயரால்தான் இப்போதும் அழைக்கிறேன். போன வாரம் அலமாரியை ஒதுக்கியபோது உன் வேதியியல் ரெக்கார்டு நோட்டு அகப்பட்டது. 2021 ஏப்ரலில் செய்முறைத் தேர்வு முடிந்த அன்று, இரண்டு நாளில் தருவதாகச் சொல்லி நான் வாங்கிக்கொண்டது. உப்புப் பகுப்பாய்வுப் பக்கத்தில் உன் கட்டைவிரல் ரேகை கறுப்பாகப் பதிந்திருக்கிறது. குளோரைடு சோதனையில் தயிர்போல வெள்ளை வீழ்படிவு வந்த மகிழ்ச்சியில் சில்வர் நைட்ரேட்டைக் கையில் கொட்டிக்கொண்டாய். ஒரு வாரம் வரை அந்தக் கறை சோப்புக்கும் எலுமிச்சைக்கும் மசியவில்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளுக்கு நடுவே வளர்ந்த எனக்கே வெள்ளி தோலுக்குள் இப்படி ஊறும் என்பது அன்றுதான் தெரிந்தது.

ஏற்காட்டிலிருந்து முதல் பேருந்தில் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கி வருவாய். அடிவாரத்திலேயே கழற்றி மடித்த ஸ்வெட்டர் நாள் முழுதும் பையில் கிடக்கும். மாலையில் பழைய பேருந்து நிலையத்தில் உன் வண்டி வரும் வரை ஆளுக்கொரு தட்டுவடை செட் தின்றபடி கணக்குப் போடுவோம். பெரும்பாலும் நீ போடுவாய், நான் பார்த்துக்கொண்டிருப்பேன். இதைப் பணிவுக்காகச் சொல்லவில்லை. 2021 ஜனவரி 19 அன்று பள்ளி மீண்டும் திறந்த பிறகு நடந்த வகுப்புத் தேர்வு ஒவ்வொன்றிலும் நீ எனக்கு முன்னால் இருந்தாய். கொரோனாவால் பள்ளி பூட்டியிருந்த பத்து மாதங்களில் நான் கைப்பேசியில் விளையாடிக்கொண்டிருக்க, நீ சிக்னல் கிடைக்கும் மேட்டைத் தேடிப் போய் உட்கார்ந்து படித்திருக்கிறாய்.

அந்த ஜூன் 5ஆம் தேதி பொதுத்தேர்வு ரத்து என்ற அறிவிப்பு வந்தது. தொற்று உச்சத்தில் இருந்த வேளையில் வேறு வழி இருந்ததாக இன்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் அதற்குப் பதிலாக வந்த கணக்கு நம் இருவரையும் ஒரே தராசில் நிறுக்கவில்லை. பத்தாம் வகுப்பில் அதிகம் பெற்ற மூன்று பாடங்களின் சராசரிக்கு 50 விழுக்காடு, பதினோராம் வகுப்பு எழுத்துத் தேர்வுக்கு 20, பன்னிரண்டில் செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் 30. அதாவது நம் வேதியியல் மதிப்பெண்ணில் பாதி, 2019இல் நாம் எழுதிய தமிழிலிருந்தோ சமூக அறிவியலிலிருந்தோ வந்திருக்கலாம். டியூஷன் வைத்துப் படித்த எனக்குப் பத்தாம் வகுப்பு கைகொடுத்தது. உனக்கு அது தடுமாறிய ஆண்டு. பதினோராம் வகுப்பிலோ ஊரடங்கால் நடக்காமல் போன வேதியியல் தாளுக்குக் காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலிருந்து 80 விழுக்காடும் வருகைப் பதிவிலிருந்து 20 விழுக்காடும் எடுத்தார்கள். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் அம்மாவுக்குத் துணையாகத் தோட்டத்துக்குப் போன நாள்களெல்லாம் அங்கே கழிந்துபோயின.

ஜூலை 19 அன்று தசமப் புள்ளி வைத்த மதிப்பெண்கள் வந்தன. சில நாள் கழித்து நீ தொலைபேசியில் கேட்டாய்: மதிப்பெண்ணில் நிறைவில்லாதவர்களுக்கு ஆகஸ்டில் தேர்வு வைக்கிறார்களாமே, எழுதட்டுமா? எழுதினால் அதில் வருவதுதான் இறுதி, குறைந்தால் பழையது திரும்பாது, எதற்கு வம்பு என்றேன். விதியைச் சரியாகத்தான் சொன்னேன். ஆனால் நீ எழுதினால் குறையாது என்பது எனக்குத் தெரியும். கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது என்று பொறியியல் சேர்க்கைக்குக் கூட்டும் அந்த 200 கட்-ஆஃபில் நான் உன்னைத் தாண்டியிருந்தேன்; வாழ்க்கையில் முதல் முறையாகத் தாண்டியிருந்தேன். அது அப்படியே இருக்கட்டும் என்று மனத்தின் ஒரு மூலை விரும்பியது. நீயும் நம்பி விண்ணப்பிக்காமல் விட்டுவிட்டாய்.

கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்தது. நீ அரசு கலைக் கல்லூரியில் வேதியியல் எடுத்தாய். அதைக் குறைவாகச் சொல்லவில்லை, 1857 முதல் நிற்கும் கல்லூரி அது. இருந்தாலும் நாம் இருவரும் ஒன்றாகக் கனவு கண்ட இடம் கருப்பூர்தான். ஒரே ஊரில் படித்தும் நான் உன் பக்கம் வரவில்லை. ஒருமுறை ஐந்து ரோட்டில் எதிரே வந்தாய். நான் சாலையின் மறுபுறம் கடந்துவிட்டேன். நீ பார்த்தாயா என்று தெரியவில்லை.

பள்ளியைப் பற்றிக் கேட்பவர்களிடம், எங்கள் ஆண்டில் பிரிவு உபசார விழா இல்லை, பரீட்சைகூட இல்லை என்று சிரித்தபடி சொல்லிவருகிறேன். உன் தொலைபேசி அழைப்பை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலைப் பேருந்தில் மேலே வருகிறேன். நோட்டுக்குப் புது அட்டை போட்டிருக்கிறேன். கறை படிந்த பக்கத்தில் கை வைக்கவில்லை. நீ வீட்டில் இல்லாவிட்டால் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, பேருந்து நிறுத்தத்தில் மாலை வரை காத்திருப்பேன்.

உன் பெஞ்சுக்காரன்